உங்கள் வீட்டில் இப்போது என்ன பாடுகிறது?

இரண்டு மாதமாக, எதிர்ப்படுகிற தமிழர்களிடமெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். லேக் மார்க்கெட்டில் கறிவேப்பிலை பேரம் பேசும்போது, சபா கச்சேரியில் தனி ஆவர்த்தனத்துக்கு எழுந்து போகிறவர்களை வாசலில் மடக்கி, மெட்ரோ ரயிலில் தமிழ்க் குரல் கேட்டால் அருகே நகர்ந்து, எல்லோரிடமும் இதே கேள்விதான்: "உங்கள் வீட்டில் இப்போது என்ன பாட்டுக் கேட்கிறீர்கள்?"

கேள்வி எளிதுதான். பதில் அவ்வளவு எளிதில் வருவதில்லை. முதலில் ஒரு மரியாதைப் பதில் வரும். "நமக்கென்ன சார், அரியக்குடி, செம்மங்குடி, எம்.எஸ்., அவ்வளவுதான்." ஐந்து நிமிஷம் பேச்சுக் கொடுத்தால்தான் நிஜமான பதில் மெல்ல எட்டிப் பார்க்கும். காலையில் தோசை வார்க்கும்போது ஏ.எம். ராஜா. துணி மடிக்கும்போது சித்ரா. தூக்கம் வராத ராத்திரிகளில் இளையராஜா. ஒரு வீட்டில் கணவர், "தினமும் ஒரு மணி நேரம் ஆலத்தூர் சகோதரர்கள்" என்று என்னிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது: "தினமும் ஒரு மணி நேரம் வடிவேலு காமெடி!"

எதற்கு இந்த விசாரணை என்று என்னைத் திருப்பிக் கேட்டவர்களும் உண்டு. காரணம் இதுதான். சென்னையிலோ மதுரையிலோ, பாட்டுப் போட்டுக் கேட்காமலே பாட்டுத் தெரிந்துகொள்ளலாம். டீக்கடையில் ஒன்று, கோயில் ஒலிபெருக்கியில் ஒன்று, ஆட்டோவில் ஒன்று, பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் நாகஸ்வரம் என்று ஜன்னல் வழியாகத் தானாகவே காதில் விழும். நம் ஜன்னல் வழியாக இங்கே வருவது வேறு பாட்டு. அதுவும் நல்ல பாட்டுதான், குறை சொல்லவில்லை. ஆனால் தமிழ்ப் பாட்டு என்று ஒன்று நம் குழந்தைகளின் காதில் விழ வேண்டுமானால் அதை வீட்டுக்குள் யாராவது போட்டாக வேண்டும். போடாவிட்டால் அவர்களைப் பொறுத்தவரை அது கிடையாது. கொல்கத்தாவில் ஒவ்வொரு தமிழ் வீடும் ஒரு சிறு வானொலி நிலையம். அந்த நிலையங்களில் எவை இன்னும் ஒலிபரப்புகின்றன, எவை மூடிவிட்டன என்று தெரிந்துகொள்ளும் ஆசைதான் இது.

லேக் கார்டன்ஸில் ஒரு பெரியவர் இருக்கிறார். எண்பது தாண்டிவிட்டது, வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். கேள்வியைக் கேட்டதும் பதில் சொல்லாமல் எழுந்து போய், அலமாரியிலிருந்து ஒரு எல்.பி. தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம். 1963-ல் எச்.எம்.வி. வெளியிட்டது. அந்த நாளில் அவருடைய தகப்பனார் லீவில் ஊருக்குப் போனபோது மெட்ராஸில் வாங்கி, உடையாமல் இருக்க அம்மாவின் புடவைக்குள் சுற்றி, ஹௌரா வரை மெயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாராம். அறுபது வருஷமாகச் சனிக்கிழமைக் காலைகளில் அந்த வீட்டில் இது பாடுகிறது.

"அட்டையைத் திருப்பிப் பாரும்" என்றார்.

பார்த்தேன். பின்பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் கிராமபோன் கம்பெனியின் பெயர். ஊர்: கல்கத்தா.

"டம்டம்மில் அச்சடித்த தட்டு, சார்! இங்கேயிருந்து பஸ்ஸில் போகிற தூரம். ரயில் ஏறி 1,600 கிலோமீட்டருக்கு மேல் மெட்ராஸ் போயிருக்கிறது. அதே தூரம் எங்கப்பா மடியில் உட்கார்ந்து திரும்பி வந்திருக்கிறது. எனக்கே இது ரிட்டயர் ஆனப்புறம்தான் தெரியும்" என்று சிரித்தார்.

இதைக் கேட்டதிலிருந்து, நம் ஊர்த் தட்டுகளின் கதையைக் கொஞ்சம் தேடிப் படித்தேன். இந்த நகரத்தில் பல தலைமுறையாக இருக்கும் குடும்பங்களில்கூடப் பலருக்கு இது தெரியாது என்பதால் இங்கே சொல்கிறேன்.

இந்தியாவில் பாட்டைத் தட்டில் பிடிக்கும் வேலை பெரிய அளவில் தொடங்கியது 1902 நவம்பரில், இதே கல்கத்தாவில். லண்டன் கிராமபோன் கம்பெனி அனுப்பிய ஃபிரெட் கெய்ஸ்பர்க் என்பவர் இங்கே வந்து பாடகர்களைத் தேடிப் பிடித்துப் பதிவு செய்தார். அவர்களில் கௌஹர் ஜானின் பெயர் நாடு முழுக்கப் பரவியது. பதிவு இங்கே நடந்ததே ஒழிய, தட்டுகள் ஜெர்மனியில் ஹானோவர் நகரத்தில் அச்சாகிக் கப்பலில்தான் திரும்பி வந்தன. 1908-ல் சியால்தாவில் ஒரு தொழிற்சாலை வந்த பிறகு அந்தக் கப்பல் யாத்திரை நின்றது. 1928-ல் டம்டம்மில் பெரிய தொழிற்சாலை. ஜெசோர் சாலையில் இருந்த அந்த இடத்திலிருந்துதான் எச்.எம்.வி. நாய்ச் சின்னத்தோடு இந்தியாவின் எல்லாப் பாஷைப் பாட்டுகளும் கிளம்பின. வேறு கம்பெனிகளும் போட்டிக்கு இருந்தன. ஆனாலும் எச்.எம்.வி., கொலம்பியா முத்திரைகளோடு நம் தாத்தா பாட்டிகள் வீட்டில் சுழன்ற தமிழ்த் தட்டுகளுக்குப் பிறந்த ஊர் டம்டம்தான். மெட்ராஸில் வித்வான் பாடுவார். பதிவு செய்த மூலம் இங்கே வரும். இங்கே உலோக அச்சு எடுத்து, தட்டு அடித்து, பெட்டி பெட்டியாக மறுபடியும் தெற்கே போகும்.

அந்த 78 சுற்றுத் தட்டுகள் எதனால் ஆனவை தெரியுமோ? அரக்கு. சோட்டா நாக்பூர்க் காடுகளில் மரங்களின் கிளையில் பூச்சி கட்டுகிற அரக்கைக் காய்ச்சி, கல்பொடி கலந்து அழுத்திய தட்டுகள். பாண்டவர்களை எரித்துவிடப் பார்த்த அதே அரக்குதான் நம் வித்வான்களைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது! ஒரு பக்கத்தில் மூன்று, மூன்றரை நிமிஷம்தான் பாட முடியும். மேடையில் முக்கால் மணி நேரம் ஆலாபனை செய்கிறவர், பல்லவி, அனுபல்லவி, சரணம் எல்லாவற்றையும் அந்த மூன்று நிமிஷத்துக்குள் அடக்கிவிட வேண்டும். பழைய தட்டுகளில் காலப்பிரமாணம் ஏன் இவ்வளவு விறுவிறுப்பாக இருக்கிறது என்று நம்மில் பலர் வியந்திருக்கிறோம். தட்டின் அகலம் அவ்வளவுதான், வேறு ரகசியம் இல்லை.

இளையராஜா ரசிகர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. 1980-ஐ ஒட்டிய வருஷங்களில் அவருடைய படப் பாடல்களின் தட்டுகளில் 'இன்ரிகோ' என்ற முத்திரையைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இந்த ஊர்க் கம்பெனிதான். 1932-ல் தாகூரின் சொந்தக் குரலைத் தட்டில் ஏற்றி ஆரம்பித்த ஹிந்துஸ்தான் ரெக்கார்ட்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. பண்ணைப்புரத்துப் பாட்டு கல்கத்தா வழியாகத்தான் தமிழ்நாட்டு டீக்கடைகளுக்குப் போனது என்றால் அதிகம் மிகையில்லை. (சினிமாவே அப்படித்தான். மெட்ராஸில் சரியான ஸ்டுடியோ இல்லாத காலத்தில் நம்மவர்கள் இங்கே வந்துதான் படம் எடுத்தார்கள். 1933-ல் டி.பி. ராஜலட்சுமியின் 'வள்ளி திருமணம்', 1937-ல் தியாகராஜ பாகவதரின் 'அம்பிகாபதி' எல்லாம் கல்கத்தா ஸ்டுடியோக்களில் உருவானவை. அதைத் தனியாகவே எழுத வேண்டும்.)

சரி, வீடுகளுக்குத் திரும்புவோம்.

கார்டன் ரீச் பக்கம் தென்கிழக்கு ரயில்வேயில் வேலை பார்த்த குடும்பம் ஒன்று. அங்கே டி.எம். சௌந்தரராஜனும் சீர்காழி கோவிந்தராஜனும்தான் குல தெய்வங்கள். செவ்வாய், வெள்ளி முருகன் பாட்டு. மற்ற நாட்களில் எம்.ஜி.ஆரா சிவாஜியா என்ற பழைய வழக்கு, இன்னும் தீர்ப்பாகவில்லை. அண்டை வீட்டுக்காரர் கீழக்கரைக்காரர், அவர் வீட்டிலிருந்து நாகூர் ஹனிபாவின் குரல் சுவரைத் தாண்டி வரும். இரண்டு வீட்டுப் பிள்ளைகளுக்கும் இரண்டு வீட்டுப் பாட்டும் மனப்பாடம். நான் பார்த்த வீடுகளிலேயே நிலையம் நன்றாக இயங்குகிற இடம் இதுதான் என்பேன். அங்கே இருப்பது கேரவான் பெட்டி. அந்தப் பழைய கிராமபோன் கம்பெனி 2000-ல் சரிகம என்று பெயர் மாற்றிக்கொண்டு, 2017-ல் பழைய டிரான்சிஸ்டர் மாதிரியே செய்து விற்றதே, அதேதான். மகன் பெங்களூரிலிருந்து வாங்கி அனுப்பியது. "பட்டனைத் திருகினால் பாடுது சார், அது போதும் எனக்கு" என்றார் வீட்டுக்காரர்.

இதற்கு நேர் எதிர், நியூ டவுனில் பதினெட்டாவது மாடியில் ஒரு இளம் தம்பதி. இருவரும் சால்ட் லேக் செக்டர் ஐந்தில் கம்ப்யூட்டர் வேலை. இருவருமே பெரிய ரசிகர்கள், இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவர் ஏ.ஆர். ரஹ்மானை ஒரு இசையும் விடாமல் கேட்கிறவர். 2025 மார்ச்சில் லண்டனில் இளையராஜாவின் சிம்பொனி அரங்கேறியபோது அது பற்றி வந்த வீடியோக்கள் ஒன்றையும் விடவில்லை. அந்தப் பெண்ணோ சஞ்சய் சுப்ரமண்யன் பக்தை. 2020-ல் கொரோனாவால் சென்னை மார்கழிக் கச்சேரிகள் இணையத்துக்கு வந்தபோது, "முதல் முறையாக நானும் சீசன் பார்த்தேன் அங்கிள்" என்று கண்கள் விரியச் சொன்னாள். ஆனால் வீடு நிசப்தம்! அவர் காதில் ஒரு ஜோடி, அவள் காதில் ஒரு ஜோடி. நாலு வயதுக் குழந்தை நடுவில் உட்கார்ந்து வங்காளக் கார்ட்டூன் பார்க்கிறது. குழந்தையைப் பார்த்துக்கொள்கிற மாஷி பாடுகிற தாலாட்டு அதற்கு அட்சரம் பிசகாமல் வருகிறது. தமிழில் ஏதாவது பாடேன் என்றேன். அது ஒலிபெருக்கிப் பெட்டியைப் பார்த்து, "அலெக்ஸா, தமிழ் சாங்!" என்றது.

நாங்கள் மூவரும் சிரித்தோம். பிறகு அந்தப் பெண் கொஞ்சம் நேரம் ஒன்றும் பேசவில்லை. "எங்க வீட்டில் அம்மா சமைக்கும்போது டேப் ரிக்கார்டர் பாடிக்கொண்டே இருக்கும். நான் அதைக் கேட்டதாகவே நினைவில்லை. ஆனா எல்லாப் பாட்டும் தெரிகிறது" என்றாள். இரண்டு மாதத்தில் நான் கேட்ட பதில்களில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது இதுதான். இந்தப் பெற்றோரிடம் இருக்கிற பாட்டு நம் தலைமுறையின் மொத்த அலமாரியைவிடப் பெரிது. உலகத்தில் பதிவான எல்லாமே அவர்கள் பையில் இருக்கிறது. குழந்தைக்கு எட்டுவதுதான் இல்லை. நம் காலத்தில் வீட்டுக்கு ஒரே ஒரு டேப் ரிக்கார்டர், அதுவும் அப்பா வந்தால் செய்திக்காக நிறுத்தப்படும். பிடிக்கிறதோ இல்லையோ எல்லோரும் எல்லாவற்றையும் கேட்டாக வேண்டும். அந்தக் கஷ்டத்தில் ஒரு லாபம் இருந்தது.

சதர்ன் அவென்யூவுக்கு அருகில் பாட்டுச் சொல்லிக் கொடுக்கும் மாமி ஒருவரின் பதில் வேறு மாதிரி. அவர் இப்போது கேட்பது ரவீந்திர சங்கீதம்! பிறந்ததிலிருந்து இங்கேயே இருந்தும் அறுபது வயதுக்கு மேல்தான் காதைத் திறந்தேன் என்கிறார். காரணம், ஒரு வங்காள மாணவி கேட்ட கேள்வி. மாமி முத்துசுவாமி தீட்சிதரின் 'மீனாட்சி மே முதம்' சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது அந்தப் பெண், "இது ரவீந்திரரின் 'பாசந்தி ஹே புவனமோகினி' மாதிரி இருக்கிறதே" என்றாளாம். மாதிரி இல்லை, அதேதான். சென்னையில் தாகூர் பாடக் கேட்டு மகிழ்ந்து சாந்திநிகேதனுக்கு அழைத்த சாவித்திரி என்ற பெண், அங்கே பாடிக் காட்டிய தீட்சிதர் கிருதியின் மெட்டில்தான் அந்த வங்காளப் பாட்டு எழுந்தது. சிம்மேந்திர மத்யமத்தில் அமைந்த 'பாஜே கருண சுரே'யும் தென்னாட்டு மெட்டிலிருந்து வந்ததுதான். மாமி இப்போது தீட்சிதரையும் தாகூரையும் மாற்றி மாற்றிப் போடுகிறார். "கமகம் போயிடுத்து, ஆனா வேற ஒரு ஏக்கம் வந்திருக்கு" என்றார். சங்கீத விமர்சகர்கள் பத்துப் பக்கம் எழுதினாலும் இதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது.

இந்த நகரமே சேர்ந்து ஒன்றைக் கேட்கிற விடியற்காலை ஒன்று உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். மகாளய அமாவாசை, காலை நாலு மணி, வீரேந்திர கிருஷ்ண பத்ரரின் குரலில் மகிஷாசுர மர்த்தினி. 1930-களின் தொடக்கத்திலிருந்து கல்கத்தா வானொலியில் வருகிறது. பங்கஜ் மல்லிக்கின் இசை. 1976-ல் வானொலிக்காரர்கள் புதுமை செய்வதாக நினைத்து, பத்ரரை எடுத்துவிட்டு நடிகர் உத்தம் குமாரைப் பேச வைத்தார்கள். உத்தம் குமாருக்கு இந்த ஊரில் இருந்த செல்வாக்கைச் சொல்ல வேண்டியதில்லை. இருந்தும் ஜனங்கள் கொதித்துவிட்டார்கள். பழைய நிகழ்ச்சியே மறுபடி வந்தது. நம்மில் அநேகர் அன்றைக்கு அதைக் கேட்டுவிட்டுத்தான் தர்ப்பணத்துக்கு எள்ளும் தண்ணீரும் எடுத்து வைக்கிறோம். எந்த மொழியானால் என்ன, ஒரு வீட்டில் எல்லோரும் ஒரே குரலைக் கேட்டுக்கொண்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருக்கும் அந்த ஒன்றரை மணி நேரத்தை வங்காளிகள் எப்படிப் பொத்திப் பொத்திக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள் பாருங்கள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருக்கிறது.

நம் பக்கம் நடப்பது வேறு. பிள்ளைகள் பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருக்கிறார்கள். பெரியவர்கள் காலமாகிறார்கள், அல்லது வயதான காலத்தில் சென்னைக்குக் குடி போகிறார்கள். பழைய வீடு புரமோட்டர் கைக்குப் போகிறது. காலி செய்யும்போது வெள்ளிப் பாத்திரம் போகும், கொலு பொம்மைகள்கூடப் போகும். தட்டுகளும் கேசட்டுகளும் 'பிக்ரிவாலா'வின் தராசில் ஏறுகின்றன, கிலோ கணக்கில். ஃப்ரீ ஸ்கூல் தெருவில், அதாவது இன்றைய மிர்ஸா காலிப் தெருவில், பழைய தட்டுக் கடைகள் இருக்கின்றனவே, அங்கே வங்காள, ஹிந்தி, இங்கிலீஷ் தட்டுகளுக்கு அடியில் போன வருஷம் ஒரு தமிழ்த் தட்டைப் பார்த்தேன். லேபிளின் ஓரத்தில் நீல மசியில், அழகான கையெழுத்தில், 'அத்திம்பேருக்குத் தீபாவளிக்கு' என்று எழுதியிருந்தது. கடைக்காரருக்கு அது என்ன பாஷை என்று தெரியவில்லை. யாருடைய அத்திம்பேரோ, எந்த வருஷத்துத் தீபாவளியோ! வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இதை லேக் கார்டன்ஸ் பெரியவரிடம் சொன்னபோது அவரே ஒரு யோசனை சொன்னார். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், நம் சங்கத்தில் எல்லோரும் கூடிப் பாட்டுக் கேட்டால் என்ன? யாரும் பாட வேண்டாம், பேச வேண்டாம், பொன்னாடை வேண்டாம். ஆளுக்கு ஒரு பாட்டு. வீட்டில் இப்போது உண்மையிலேயே கேட்கிற பாட்டாக இருக்க வேண்டும். மரியாதைப் பதில்களுக்கு அனுமதி இல்லை. தட்டோ கேசட்டோ செல்போனோ, எதில் இருந்தாலும் சரி. குழந்தைகளைக் கட்டாயம் அழைத்து வர வேண்டும், அவர்கள் ஓடி விளையாடிக்கொண்டிருந்தால் தடுக்க வேண்டாம். தன்னுடைய பிளேயரைத் தருவதாகச் சொல்லிவிட்டார். செயற்குழுவும் சம்மதித்துவிட்டது. நியூ டவுன் தம்பதி ஒலிபெருக்கி கொண்டு வருகிறார்கள். மாமி தீட்சிதரையும் தாகூரையும் அடுத்தடுத்துப் போடப் போகிறார். கார்டன் ரீச்சிலிருந்து இரண்டு வீடும் வருகிறது. எம்.ஜி.ஆர். – சிவாஜி வழக்கை அங்கே எடுக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வர முடியாதவர்கள் மூன்று வரி எழுதிப் போடுங்கள்: என்ன கேட்கிறீர்கள், எதில் கேட்கிறீர்கள், உங்களோடு சேர்ந்து யார் கேட்கிறார்கள். மூன்றாவது கேள்விக்கு 'யாரும் இல்லை' என்று எழுதினாலும் பரவாயில்லை, எழுதுங்கள்.

தட்டு கொண்டு வருகிறவர்களுக்கு மட்டும் சில வார்த்தைகள். வீட்டில் படுக்கை வாட்டில் அடுக்கி வைத்திருந்தால் இன்றே எடுத்துப் புத்தகம் போல நிறுத்தி வையுங்கள், வளைந்துவிடும். பழைய 78 தட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீர்கள், அரக்கு ஸ்பிரிட்டில் கரைந்துபோகும். உலர்ந்த மெத்தென்ற துணி போதும். 78-க்கு ஊசி வேறு. அதனால் அந்தத் தட்டு உள்ளவர்கள் இரண்டு நாள் முன்பே சொல்லிவிட்டால், சாந்தினி சௌக்கில் ஊசி தேடி வாங்கி வைத்துவிடுவேன்.